சீனித்தாய் நடந்த மழை

நெடுங்குளத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் ஒரு சொட்டுக்கூட விழாமல் போன அந்த வருஷத்தில், பருத்திச் செடி முழங்கால் உயரத்திலேயே கருகி, கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்து, தண்ணீர் லாரி வரும் நாளுக்கு முந்தின நாளே தெருவில் குடங்கள் வரிசையில் நின்று இடம் பிடித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில்தான், காளவாசல் தெருச் சீனித்தாய் தன் ஐம்பத்து நான்காவது வயதில் நியூசிலாந்து தேசத்தை மேல் நுனியிலிருந்து கீழ் நுனிவரைக்கும் காலால் நடந்து கடக்கப் போனாள். அவள் நடந்த இடத்துக் காற்றும் குளிரும் மழையும், அவள் நடக்க நடக்க, காளவாசல் தெருவில் அவள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் வந்து இறங்கின.

அதற்கு முன்னால் அவள் நடந்தவளே இல்லை. பைபாஸ் ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடையில், ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள், இருபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்தவள். லாரி வந்து மேடையில் ஏறும். எடை சீட்டு எழுதுவதற்கு முன்னால் அவள் தலையை வெளியே நீட்டி, "எங்க போகுது?" என்று கேட்பாள். பரோடா என்பான் ஒருவன், கட்டாக் என்பான் இன்னொருவன், ஜல்காவ் என்பான் மற்றொருவன். அந்தப் பெயர்களை எல்லாம் அவள் கையால்தான் எழுதினாள். அவள் போன ஊர்கள் என்றால் மதுரை, திருச்செந்தூர், ஒரு தடவை பழனி. பிறகு மேடைக்குக் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்துவிட, முதலாளி ஒரு பட்டுச் சேலை வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஆக்லாந்தில் நர்ஸாக இருந்த மகள் அனுசியாவுக்குப் பிரசவம் பார்க்க அவள் போனது சித்திரையில். புருஷன் குருவையா கூடப் போகவில்லை. மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை அவருடையது, கோடையில் கடையை மூடினால் பாதி ஊரில் மோட்டார் ஓடாது. பேத்தி பிறந்தாள். சீனித்தாய் பிள்ளையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு காலையில் தெரு முனைவரை நடந்தாள், அடுத்த வாரம் பூங்காவரை, அதற்கடுத்த வாரம் கடற்கரைவரை. அங்கே ஒரு கம்பத்தில் அம்புக்குறி போட்ட பலகை இருந்தது.

"இது எங்க போகுது?" என்று மகளிடம் கேட்டாள்.

"நாடு முடியுற வரைக்கும் போகுதும்மா. மூவாயிரம் கிலோமீட்டர். நடக்கிறவங்க நாலு மாசம், அஞ்சு மாசம் நடப்பாங்க."

"நடந்து என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நடப்பாங்க."

ஐப்பசியில், அனுசியாவின் மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து இறங்கிய மூன்றாம் நாள், சீனித்தாய் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, விசா இன்னும் ஆறு மாசத்துக்கு நீட்டிக் கொடுத்திருக்கான். நான் கொஞ்சம் நடந்துட்டு வரட்டுமா?"

"நடந்துட்டு வா. இதுக்கு எதுக்குக் கேக்குற?"

"இல்லைங்க. நாட்டோட மேல இருந்து கீழ வரைக்கும். பங்குனி ஆயிரும்."

குருவையா கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை என்பதும், அவரும் கேட்டதில்லை என்பதும், அவள் இட்லி அவித்து வைத்ததும், அவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனதும், சாயங்காலம் திரும்பி வந்ததும் எல்லாம் அந்தப் போனுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"எதுக்கு?" என்றார்.

"தெரியலைங்க."

கம்பியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டே அவர் கேட்டார்: "கால்ல என்ன போடுவ?"

அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தான்.

அவள் நடக்கத் தொடங்கிய நாள் காலை, குருவையா கொடியில் காயப்போட்டிருந்த வேட்டி மேற்கே பார்த்துப் படபடவென்று அடித்தது. அடுத்த வீட்டுக் கொடியில் தங்கப்பொண்ணுவின் சேலை ஆடாமல் அசையாமல் தொங்கியது. முற்றத்தில் கால் வைத்தால் நறநறவென்று வெள்ளை மணல். உதட்டை நக்கினால் உப்பு. தங்கப்பொண்ணு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மூக்கை இழுத்து மோந்து பார்த்துவிட்டு, "மதினி கடக்கரையில நடக்காங்க போல, அண்ணே," என்றாள். "ஆமா, முத நாலு நாள் கடக்கரைன்னுதான் சொன்னா," என்றார் குருவையா. அவ்வளவுதான் அதைப் பற்றி அன்றைக்குப் பேசியது.

இரண்டாம் வாரத்துக்குள் தெரு அதற்குப் பழகிவிட்டது. ஆக்லாந்தில் இருட்டும்போது நெடுங்குளத்தில் நடு மத்தியானம் என்பதால், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் குருவையா வீட்டு முற்றத்தில் அவள் கூடாரத்து ராக்குளிர் இறங்கும். வெளிச்சம் நம் ஊர் வெளிச்சம், குளிர் அவள் ஊர்க் குளிர். பூக்காரி கூடையோடு வந்து உட்கார்ந்தாள், மல்லிகை சாயங்காலம்வரை வாடவில்லை. மீன்காரி சட்டியை இறக்கிவைத்தாள். எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி பாய் கொண்டுவந்து விரித்துப் படுத்து நன்றாகத் தூங்கினாள். அம்மன் கோயில் பூசாரியைக் கேட்டதற்கு, இதற்குச் சாஸ்திரத்தில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தப்பு என்றும் சொல்லவில்லை என்றார். மதுரைக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அளவும் இந்தப் பக்கம் ஒரு அளவும் எடுத்து, இரண்டு நாள் இருந்து, தும்மல் பிடித்துத் திரும்பிப் போனார். குருவையா மதுரைக்குப் போய் நேபாளத்துக்காரர்களிடம் ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டார். நெடுங்குளத்தில் ஸ்வெட்டர் போட்ட முதல் காயில் கடைக்காரர் அவர்தான்.

வாரத்துக்கு ஒரு தடவை, சாமான் வாங்க ஏதாவது ஊருக்குள் இறங்கும்போது சீனித்தாய் போன் பண்ணுவாள். இங்கே நடப்பதை அவர் முதலில் சொல்லவில்லை. மூன்றாவது வாரம்தான் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை உனக்கு நல்ல காத்துல்ல?"

"ஆமா, ஒரு மலை மேல. ஆளையே தள்ளிருச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கயும் அடிச்சுது. நம்ம வீட்டுல மட்டும். தகரம் ஒண்ணு பறந்துருச்சு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அன்னைக்கு நான் உக்காந்து அழுதேன். அதுவும் தெரிஞ்சுதா?"

"அது தெரியலையே. காத்து மட்டும்தான் வந்துச்சு," என்றவர், "எதுக்கு அழுத?" என்று கேட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னாள், அரை மணி நேரம். அவர் கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் போனை வைக்கவில்லை.

மார்கழியில் அவள் எரிமலைகள் இருக்கும் பக்கமாகப் போனாள். ஒரு நாள் மத்தியானம் குருவையாவின் டிவிஎஸ் வண்டி சீட்டில் அரை விரற்கடைக்கு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் ஐஸ். தெருப் பிள்ளைகள் எல்லாம் டம்ளரும் நன்னாரி சர்பத்துமாக வந்து நின்றுவிட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு யாரும் திரும்பிப் போகவில்லை.

தை பிறந்தது, அவள் அந்த நாட்டின் கீழ்ப்பாதியான தெற்குத் தீவுக்குக் கப்பலில் கடந்தாள், அங்கே மழை அவளைப் பிடித்துக்கொண்டது. இங்கே குருவையா வீட்டு நாலு செண்டில் மட்டும் மழை பெய்தது. மொட்டைமாடிக் குழாய் வழியாக அது முற்றத்துக்கு விழுந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு ஒரு குடத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"எடுத்துக்கிடவா அண்ணே?"

"இதென்ன கேள்வி, தாயி."

அன்றிலிருந்து காளவாசல் தெருவில் தண்ணீர் லாரிக்கு யாரும் காத்திருக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள், அதற்கும் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். குடங்கள் வந்தன, டிரம்கள் வந்தன, கவுன்சிலர் தவமணி குழாய் இழுத்து அங்கன்வாடித் தொட்டிவரைக்கும் விட்டாள். குருவையா வீட்டுச் சுவரில் பாசி பிடித்து, சமையல்கட்டு ஜன்னலில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பெரணிச் செடி சுருண்டு சுருண்டு முளைத்தது. யாரும் அதைப் பிடுங்கவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே வானத்தைப் பார்க்காமல் குருவையா வீட்டைப் பார்ப்பதுதான் ஊருக்கு வழக்கமாயிற்று. மழை இல்லாத நாளில், "இன்னைக்கு எங்க நடக்காங்களோ," என்று கொஞ்சம் சலிப்பாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் தவமணி வந்தாள். கெட்டவள் இல்லை. அவள் வார்டில் அறுநூறு வீடு.

"அண்ணே, அக்காட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அடுத்த மாசம் காஞ்ச பிரதேசம் வருமாமே, நெட்ல பாத்தேன். இந்த மழை பெய்யுற பக்கமாவே கொஞ்ச நாள் சுத்திக்கிட்டு இருக்க முடியுமான்னு..."

"அவ நடக்கப் போயிருக்கா," என்றார் குருவையா. "குழாய் திறந்துவிடப் போகலை."

"தப்பா எடுத்துக்காதீங்க. போனைக் குடுங்க, நானே கேட்டுக்கிடுறேன்."

"தர மாட்டேன், தவமணி. அவட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது. இத்தனை வருஷம் எல்லாரும் கேட்டாச்சு."

தவமணி போய்விட்டாள். குழாயை எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

தை கடைசியில் ஒரு நாள் காலை சீனித்தாய் பேசினாள். "இன்னும் ரெண்டு ஆறு தாண்டணும்ங்க. பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்கணும். சாப்பாடு நாலு நாளைக்கு இருக்கு. அதுவரை போன் எடுக்காது, பயப்படாதீங்க." அனுசியா அவளுக்கு ஒரு சின்னக் கருவி வாங்கிக் கொடுத்திருந்தாள். அம்மா எங்கே இருக்கிறாள் என்று ஒரு புள்ளி மட்டும் மகளுடைய போனில் தெரியும்.

இரண்டாம் நாள் முற்றத்தில் மழை விழுந்தது. அது அதுவரைக்கும் பெய்த மழை மாதிரி இல்லை. மாடிக் குழாய் போதாமல் தண்ணீர் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் துணி விரித்த மாதிரி விழுந்தது. தெரு கொண்டாடியது. டிரம்கள் நிறைந்தன, அங்கன்வாடித் தொட்டி நிறைந்தது, இருபது வருஷமாகக் குப்பை போட்டுக்கொண்டிருந்த பொதுக் கிணற்றைத் தூர்வாரி அதற்குள் ஒரு குழாயை விட்டார்கள். ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நனைந்தார்கள், யாரோ ஒரு வீட்டில் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாளும் பெய்தது. நான்காம் நாள் குருவையா வீட்டுக்குள் கட்டில் காலை மறைத்துத் தண்ணீர் நின்றது. அவர் கட்டில் மேல் உட்கார்ந்து மகளிடம் பேசினார்.

"அப்பா, புள்ளி நகரலைப்பா. ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்குது. ரெண்டு ஆத்துக்கும் நடுவுல. முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் வர முடியாது. மீட்புக்காரங்கட்ட சொல்லிட்டேன், மேகம் இறங்கியிருக்கு, ஹெலிகாப்டர் பறக்க முடியாதுங்கிறாங்க. மழை நிக்கணும்ப்பா."

"சாப்பாடு இருக்கும்ல?"

அனுசியா அழுதாள்.

குருவையா வெளியே வந்தார். முற்றம் முழுக்க ஆட்கள். ஒருவர் கையில் ஒருவர் குடத்தை மாற்றி மாற்றிச் சங்கிலி மாதிரி நின்று, சிரித்துக்கொண்டு, வாங்கிக்கொண்டு, கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். அவர் அந்த மழைக்கு நடுவில் போய் நின்றார். ஸ்வெட்டர் நனைந்து முழங்கால்வரை தொங்கியது. எதையும் உரக்கச் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், உரக்கத்தான் சொன்னார்.

"அவ தலையிலதான் இது பெய்யுது. தெரியுதா உங்களுக்கு? ரெண்டு ஆத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டா. மூணு நாளா அவ தலையிலதான் பெய்யுது."

குடங்கள் நின்றன. அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. இந்த மூன்று நாளில் யாரும் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கப்பொண்ணுதான் முதலில் செய்தாள். இடுப்பிலிருந்த நிறைகுடத்தை முற்றத்திலேயே சாய்த்துக் கொட்டி, வெறுங்குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். அடுத்தவள் கவிழ்த்தாள். அதற்கடுத்தவள் கவிழ்த்தாள். தவமணி வந்து, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அங்கன்வாடிக்குப் போன குழாயை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தாள். சற்று நேரத்தில் காளவாசல் தெரு நெடுக, வெயிலில் காய்ந்த தரையில், எவர்சில்வரும் பிளாஸ்டிக்குமாக முந்நூறு நானூறு குடங்கள் வாய் கவிழ்ந்து கிடந்தன. பெண்கள் அந்தச் சுவரைச் சுற்றி நின்றார்கள். பிறந்த நாளிலிருந்து மழைக்கு ஏங்கியவர்கள், மழைக்காகப் பொங்கல் வைத்தவர்கள், மழைக்காகக் கழுதைக்குக்கூடக் கல்யாணம் செய்து வைத்தவர்கள். மழையை நிற்கச் சொல்லி வேண்டுவதற்கு அவர்களிடம் ஒரு பாட்டு இல்லை, ஒரு சொல் இல்லை. அதனால் பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னார்கள்: "போதும் தாயி. நில்லு தாயி. எங்களுக்கு வேண்டாம், நில்லு." அன்று பூராவும் அந்த வரிசை கலையவில்லை. உலை வைக்கக்கூட யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழாயில் விழுந்த தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. அவர்கள் கேட்டதால் நின்றது என்று அன்றும் அதற்குப் பிறகும் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானம் அனுசியா கூப்பிட்டாள். ஆக்லாந்தில் அப்போது பொழுது சாய்ந்திருந்தது.

"அப்பா, இடைவெளி கிடைச்சு ஹெலிகாப்டர் இறங்கிருச்சுப்பா. அம்மா ஏற மாட்டேன்னுட்டாங்களாம். சாப்பாடு மட்டும் வாங்கிக்கிட்டாங்களாம். தண்ணி வத்துனதும் நானே கடந்துக்கிடுறேன்னு சொல்லிட்டாங்களாம்."

குருவையா சிரித்தாரா அழுதாரா என்று தங்கப்பொண்ணுவால் சொல்ல முடியவில்லை. சுவருக்கு மேலே அவர் தலை மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் சீனித்தாயே பேசினாள். குரல் கரகரத்தது.

"ஒரு பிஸ்கட்டை நாலாப் புட்டு வச்சிருந்தேங்க. பயமா இருந்துச்சு. ஆனா நீங்களும் நனைஞ்சுக்கிட்டுத்தான் இருப்பீங்கன்னு தெரியும்ல, அதனால ரொம்ப இல்லை."

அவர் குடம் கவிழ்த்த கதையைச் சொன்னார்.

"தண்ணியவா கொட்டுனாங்க?" என்றாள் அவள். "நம்ம தெருவிலயா?"

"தங்கப்பொண்ணு முதல்ல. தவமணியும்."

அந்த இரண்டு பெயரையும் அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "பாலத்துப் பக்கம் வந்துட்டேன், வச்சிரட்டுமா," என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதன் பிறகு தவமணி சொன்ன காய்ந்த பிரதேசம் வந்தது. முற்றத்தில் வெயிலும் வறட்டுக் காற்றுமாக ஒரு மாசம் போயிற்று. சேர்த்த தண்ணீர் தீர்ந்தது, லாரிக்கு மறுபடி குடங்கள் வரிசையில் நின்றன. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாசிக் கடைசியில் அவள் நாட்டின் கீழ் நுனியில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மஞ்சள் கம்பத்தைத் தொட்டாள். குருவையா கடையில் எல்லோருக்கும் காரச்சேவும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ஊருக்கு வர விமானத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, அதுவரை மகள் வீட்டில் படுத்துத் தூங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

ஐந்தாம் நாள் முற்றத்தில் மழை.

தங்கப்பொண்ணு பதறி ஓடிவந்தாள், கையில் குடம் இல்லை. "என்னண்ணே, மதினி மறுபடியும் ஆத்துக்குள்ள போயிட்டாங்களா?" தெருவே வந்து சுவரைச் சுற்றி நின்றது. ஒருவர் கையிலும் ஒரு செம்புகூட இல்லை.

குருவையா நனைந்துகொண்டு நின்று கேட்டார். ஐந்து மாசமாக அவளுடைய மழையைக் கேட்டவர். நடக்கிற மழை நிமிஷத்துக்கு ஒரு விதமாக மாறும், மரத்தடிக்குப் போனால் குறையும், மேட்டில் ஏறினால் சாயும், திரும்பினால் திரும்பும். இது மாறவில்லை. காலையில் விழுந்த மாதிரியே மத்தியானமும் நேராக, நிதானமாக விழுந்தது. மறுநாளும் அப்படியே விழுந்தது.

"இது நடக்கிற மழை இல்லை," என்றார். "அவ ஒரு இடத்துல உக்காந்திருக்கா. வேணும்னே போய் உக்காந்திருக்கா. குடத்தை எடுத்துட்டு வாங்க."

பிறகு அனுசியா சொல்லித்தான் விவரம் தெரிந்தது. அம்மா ஆக்லாந்துக்கு வரவில்லை, மேற்குக் கரையில் அந்த நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் ஒரு சின்ன ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள், ஒரு அறை எடுத்து, வாசலில் நாற்காலி போட்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறாள், யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் பெய்தது. டிரம்கள், தொட்டி, பொதுக் கிணறு என்று ஒன்றொன்றாக நிறைந்து, கடைசியில் கண்மாய்ப் பள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டு, அங்கேயும் முழங்கால் அளவு நின்றது. தவளைகள் எங்கிருந்தோ வந்துவிட்டன. பதின்மூன்றாம் நாள் காலை அவள் போன் பண்ணினாள்.

"நிறைஞ்சிருச்சாங்க? கிளம்பட்டுமா?"

குருவையா தெருவைப் பார்த்தார். நிரப்புவதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டைகூட மிச்சமில்லை. தண்ணீர் பைபாஸ் ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. போனுக்குள் அவள் மூச்சுக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது, அவசரம் எதுவும் இல்லாத ஒரு மூச்சு அது, அவர் இதுவரை அவளிடம் கேட்டிராத மூச்சு.

"இன்னும் நிறையலை," என்றார். "மெதுவா வா."